தூங்கும் செல்லைப் பார்க்கப் போனவள்

பஸ் ஓட்டும் அந்த அக்காவுக்கு எதையும் தன் கண்ணால் பார்த்தால்தான் மனசு ஆறும். தன் மார்பிலிருந்து எடுத்த புற்றுநோய்க் கட்டியை ஆராய்ச்சிக்குக் கொடுக்கும்போதே, "அதை வச்சு என்ன பண்றீங்கன்னு எனக்குக் காட்டணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

சிகிச்சையெல்லாம் முடிந்தபின் ஆய்வுக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். "தொலைஞ்ச சனியனை எதுக்கு அண்ணி தேடிப் போறீங்க?" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். இவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆராய்ச்சி செய்யும் பெண் மைக்ராஸ்கோப்பைச் சரிசெய்து கொடுத்தாள். இருட்டுக்குள் இரண்டு மூன்று பச்சைப் புள்ளிகள் மின்னின.

"உங்க கட்டியில இருந்து வளர்த்ததுக்கா. மருந்து ஊத்தினதும் மத்ததெல்லாம் செத்துடுச்சு. இதுங்க மட்டும் தப்பிச்சிடுச்சு. இதுல ஒண்ணு இருந்தாலே மறுபடி கட்டி வளரலாம். கேன்சர் ஸ்டெம் செல்னு சொல்லுவோம்."

"பச்சையா இருக்கே?"

"இதுங்க மேல மட்டும் ஒட்டற சாயம் போட்டிருக்கோம். இல்லன்னா கூட்டத்துல அடையாளமே தெரியாது."

"மருந்துக்கு எப்படித் தப்பிச்சுது?"

"வேகமாப் பெருகற செல்லைத்தான் அந்த மருந்து பிடிக்கும். இதுங்க தூங்கிட்டுக் கிடக்கும்."

"எனக்குள்ளயும் இருக்குமா?"

"தெரியலக்கா. ஸ்கேன்ல எதுவும் இல்ல. அதனாலதான் செக்கப்புக்குத் தவறாம வரச் சொல்றோம்."

அக்கா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "தட்டி எழுப்பிட்டு மருந்து ஊத்தினா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "பக்கத்துத் தட்டுல அதைத்தான் பண்ணிப் பாக்கறோம். இன்னும் பிடிபடல."

"அப்ப அதையும் காட்டும்மா" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.