மூன்றாம் காலம்

வாய் கோணிப்போனவன் நாதஸ்வரம் ஊதக் கூடாது என்று யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஊதிப் பார்த்தால் தானே தெரிந்துவிடும்.

மார்கழிப் பனியில் ஒரு காலை எழுந்தபோது என் முகத்தின் இடப்பக்கம் செத்துக் கிடந்தது. குடித்த தேத்தண்ணீர் கடைவாயில் ஒழுகியது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, மெல்லச் சரியாகும் என்றார்கள். மெல்ல என்றால் எவ்வளவு மெல்ல? மாசியில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் தேர். நான் ஊதாவிட்டால் வேறு மேளச் செட்டைக் கூப்பிடுவார்கள். ஒரு வருடம் இன்னொருத்தன் ஊதிவிட்டால் அப்புறம் என்னை யார் தேடப் போகிறார்கள்? எனக்கு இதைவிட்டால் வேறு தொழிலும் தெரியாது.

கதவைச் சாத்திக்கொண்டு, போனில் சுருதியைப் போட்டு, சின்னப் பிள்ளை மாதிரி சரளி வரிசையிலிருந்து தொடங்கினேன். முதல் காலம் எப்படியோ நகர்ந்தது. இரண்டாம் காலத்தில் வேகம் இரட்டித்ததும் கடைவாயில் காற்று பீறிட்டது. மூன்றாம் காலத்தில் விரல்கள் ஓடின, சத்தம்தான் வரவில்லை. தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகளுக்கு நடுவே சுவர் மெல்லிசு. பக்கத்து வீட்டுக்காரர், "அண்ணே, மேல் சட்ஜத்த இன்னைக்காவது தொட்டுருவீங்களா? எங்களுக்கும் சோறு எறங்க மாட்டேங்குது" என்றார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். எனக்கு வாயிலிருந்த நாதஸ்வரச் சீவாளியைக் கடித்துத் துப்பிவிடலாம் போல ஆத்திரம் வந்தது.

ஒரு மாலை, பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த என் மனைவி இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, விரலால் என் கடைவாயை அழுத்திப் பிடித்தாள்.

"இப்ப ஊதுங்க."

ஊதினேன். காற்று ஒழுகவில்லை.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான் சாதகம். இரண்டாம் காலம் வந்தது. பிறகு மூன்றாம் காலமும் வந்தது, ஏறி இறங்கிப் பிசிறில்லாமல். அவள் சிரித்தாள். நான் பாதி முகத்தால் சிரித்தேன். தேருக்கு முன்னால் நின்று ஊதும்போது அவள் விரல் கூட வராது என்பதை மட்டும் இருவரும் பேசவில்லை.

அப்படி மூன்றாம் காலம் ஓடிக்கொண்டிருந்த ஒருநாள் கதவைத் தட்டினார் என் தவில்காரர். அவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"வாசல்ல நின்னு பூராவும் கேட்டேன் மச்சான். பழையபடி ஓடுது! கமிட்டிக்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. இப்பவே போய் வெத்தல பாக்கு வாங்கிர்றேன்."

கோயில் வெற்றிலை பாக்கைக் கை நீட்டி வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. செத்தாலொழிய மாற முடியாது. நில்லுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அவருக்கும் அந்தத் தேர்தானே பிழைப்பு. அவர் படியிறங்கி ஓடினார்.

"கை வைக்காம ஒரு தடவ பாக்குறேன்" என்றேன் அவளிடம்.

இரண்டாம் காலத்திலேயே புஸ்ஸென்று போனது. மறுபடி ஊதினேன். மறுபடியும் காற்றுதான். அழுகை வந்துவிட்டது.

"போதுங்க. அவரு கோயிலுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள ஓடிப் போய்ச் சொல்லிருங்க."

நான் எழுந்திருக்கவில்லை. அவள் கையை இழுத்து என் கடைவாயில் வைத்துக்கொண்டு மூன்றாம் காலத்தை எடுத்தேன்.