மாலையில் மணக்கும் மாநில மலர்

மாநிலத்தைப் பற்றி எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்ததால், அலுவலகத்தில் அவருக்குத் 'தகவல்காரர்' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பிழைத்திருந்தது.

அரசுத் தகவல் பிரிவில், மின்விசிறிக்கு நேர் கீழே, காகிதங்கள் பறக்காமல் முழங்கையால் அழுத்திக்கொண்டு 'நம் மாநிலத்தை அறிவோம்' என்ற கையேட்டை ஆண்டுதோறும் எழுதியவர் அவர்தான். மாநிலப் பறவை சொந்தமாகக் கூடு கட்டாது, அடுத்தவன் கூட்டில் குடியேறும். கையேட்டில் அது 'எளிமையான பறவை'. மாநில விலங்கு கடைசியாகத் தென்பட்டது பக்கத்து மாநிலத்தில். கையேட்டில் அது 'எல்லைகளைக் கடந்து நேசிக்கப்படும் விலங்கு'. பொய் எழுத மாட்டார். உண்மைக்குத் தலைசீவிப் பவுடர் பூசி அனுப்புவார், அவ்வளவுதான்.

ஒரே ஒருமுறை சறுக்கினார். அச்சகத்துக்காரருக்கு ஒரு பிடிவாதம்: பக்கத்தில் வெள்ளை இடம் விழுந்தால் இயந்திரத்தை ஓட்ட மாட்டார். காகிதத்தை ஏன் வீணடித்தாய் என்று தணிக்கைக்காரர்கள் ஒருமுறை அவரைக் குடைந்தெடுத்திருந்தார்கள். அன்று மாநில மலர்ப் பக்கத்தின் அடியில் ஒரு வரி குறைந்தது.

"அண்ணே, ஒரு வரி குடுங்க. மெஷின் நிக்குது, ஆளுங்க நிக்கறாங்க" என்று தொலைபேசியில் கத்தினார்.

"பூவைப் பத்தி இருக்கறதெல்லாம் எழுதியாச்சுப்பா."

"அப்ப இல்லாததை எழுதுங்க. யாரு படிக்கப்போறாங்க?"

'இம்மலர் மாலையில் மட்டும் மணம் வீசும்' என்று சொல்லிவிட்டுத் தகவல்காரர் போனை வைத்தார்.

யாரும் படிக்க மாட்டார்கள் என்ற கணிப்பு பொய்த்தது. அடுத்த ஆண்டே அந்த மணத்தில் சோப்பு வந்தது. பூங்காவில் பொழுது சாய்ந்ததும் ஆட்கள் புதர்களுக்குள் மூக்கை நீட்டி "ஆஹா!" என்றார்கள். தேர்வு வாரியமும் படித்தது. அரசு வேலைத் தேர்வில் ஒரு கேள்வி: மாநில மலர் எப்போது மணம் வீசும்? காலையா, நண்பகலா, மாலையா, அல்லது மணமே கிடையாதா?

தேர்வு எழுதியவர்களில் தகவல்காரரின் மகளும் ஒருத்தி. வயது வரம்புப்படி அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. வீட்டுக் குளியலறை ஜன்னலுக்கு வெளியே அதே புதர். சின்ன வயதிலிருந்து அதன் மேல்தான் துண்டு காயப்போடுகிறாள். 'மணமே கிடையாது' என்று கண்ணை மூடிக்கொண்டு குறித்துவிட்டு வந்தாள். ஒரு மதிப்பெண்ணில் வேலை கைநழுவியது.

"விடையையே தப்பாப் போட்டிருக்காங்கப்பா. எந்த மடையன் இதை எழுதி வெச்சானோ!"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குப் புரையேறியது. அவர் மனைவி தையல் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"என்னங்க, முழியே சரியில்லையே. அந்த மடையன் நம்ம வீட்டுலதான் சாப்பிடறானா?"

ஒப்புக்கொண்டார். மகள் அன்று முழுக்க முகம் கொடுக்கவில்லை. மறுநாள் காலையில், "சட்டையை மாட்டுங்க. வாரியத்துக்கு வந்து சொல்லுங்க" என்றாள்.

"ரிட்டயர் ஆகப்போற நேரம்மா. பென்ஷன்ல கை வெச்சிருவாங்க."

"உங்க பொய்க்குப் பென்ஷன் உண்டு, என் உண்மைக்கு வேலை கிடையாதா?"

போனார்கள். புகாரை வாங்கிய வாரியம் விசாரணைக்குழு அமைத்தது. குழு ஒரு மாலையில் பூங்காவுக்கு வந்தது. கூட்டம் கூடியது. தலைவர் குனிந்து, இலை கன்னத்தில் உரச, மூச்சை உள்ளிழுத்தார்.

"லேசா... வருது, இல்ல?"

"லேசாவா? நல்லாவே வருதுங்க!" என்றார் குழுவிலிருந்த பேராசிரியை.

தகவல்காரர் முன்னால் வந்தார். "ஐயா, அதுல வாசனையே கிடையாது. பக்கத்தை நிரப்ப நான்தான் இட்டுக்கட்டினேன்."

தலைவர் அவர் தோளைத் தட்டினார். "பெத்த மனசு பாருங்க! மகளுக்காகத் தன் பேரையே கெடுத்துக்கறார். என்ன தியாகம்!"

"தியாகம் இல்லீங்க, பொய்ங்க."

"ஆதாரம் இருக்கா?"

"எழுதினவன் நான்தானே ஆதாரம்?"

"கையேடு அரசு வெளியீடு. நீங்க தனிநபர்."

"அவருக்கு ஜலதோஷமா இருக்கும், விடுங்க சார்" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

மகள் வெடுக்கென்று ஒரு பூவைப் பறித்துத் தலைவர் உள்ளங்கையில் வைத்தாள். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி, காலைல நிதானமா மோந்து பாருங்க சார்."

"காலைல எப்படிம்மா மணக்கும்? மாலையில மட்டும்தான்னு கையேட்டுல தெளிவாப் போட்டிருக்கே!"

ஒரு வாரத்தில் தீர்ப்பு வந்தது. விடையில் மாற்றமில்லை. ஆனாலும் யார் மனமும் நோகக் கூடாது என்பதால், தேர்வு எழுதிய அனைவருக்கும் ஒரு மதிப்பெண் கூடுதலாக வழங்கப்படுகிறது. மகளுக்கு ஒன்று ஏறியது. அவளுக்கு முன்னால் இருந்த அத்தனை பேருக்கும் ஒன்று ஏறியது. எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து, "போராடி ஜெயிச்சுட்டியாமே!" என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனாள்.

தகவல்காரரின் பென்ஷனை யாரும் தொடவில்லை. தியாகிக்கு மேலதிகாரி தேநீர் வரவழைத்துக் கொடுத்தார்.

குழு வந்துபோன செய்தி பரவியதில் பூங்காவில் கூட்டம் நெரிந்தது. மாலைக்கென்று தனி நுழைவுச்சீட்டு போட்டார்கள். சீட்டு கிழிக்க ஆள் தேடினார்கள். மகள் விண்ணப்பித்தாள். தேர்வு இல்லை, வயது வரம்பும் இல்லை. கிடைத்துவிட்டது.

முதல் நாள் வேலை முடிந்து வந்தவளிடம் தகவல்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "யாராவது கேட்டா என்னம்மா சொல்றே?"

"மணக்காதுன்னுதான் சொல்றேன்" என்றாள் செருப்பைக் கழற்றிக்கொண்டே. "நல்லா ஜோக்கடிக்கறேம்மான்னு சிரிச்சுட்டு ரெண்டு டிக்கெட் கேக்கறாங்கப்பா."