என் பெயரில் ஒரு வாரன்ட்

போன வருடம் மார்ச் மாதம், டெக்சாஸில் ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் இது ஆரம்பித்தது. அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் ஃபைல் இலாகா என்னுடையது. என் கணவருக்கு அவருடைய பாஸ்போர்ட் எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. தெரிந்தவர்களுக்கு விசா, கிரீன் கார்டு என்று எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, மறைப்பானேன்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. போலீஸ் எப்போதாவது உங்களுக்கு டிக்கெட் கொடுத்ததுண்டா? உண்டு, ஒன்றே ஒன்று, ஐந்து வருடத்துக்கு முன்னால். இங்கே வசந்த காலத்தில் ரோட்டோரம் முழுக்க ப்ளூபானெட் என்ற நீலப் பூ பூத்துக் கிடக்கும். நம் ஆட்கள் பெண் குழந்தைகளுக்குப் பட்டுப் பாவாடை கட்டி, பூவுக்கு நடுவில் உட்காரவைத்துப் படம் எடுப்பார்கள். நானும் அப்போது ஒன்பது வயதான என் மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். திரும்பும் வழியில் ஒரு சின்ன ஊர். எழுபத்தைந்து மைல் வேகத்தில் போகும் ரோடு ஊருக்குள் நுழைந்ததும் ஐம்பத்தைந்து ஆகிவிடும். பின்சீட்டில் மகள் பாவாடை குத்துகிறது என்று அழுதுகொண்டிருந்தாள். நான் பலகையைப் பார்க்கவில்லை.

டிக்கெட்டோடு ஒரு படிவமும் கொடுத்தார்கள். கில்ட்டி, நாட் கில்ட்டி, அதற்குக் கீழே எனக்குச் சரியாகப் புரியாத இன்னொன்று. மூன்றில் ஒன்றை டிக் அடிக்க வேண்டும். கிரீன் கார்டு அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. நான் குற்றவாளி என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதா? நாட் கில்ட்டியில் டிக் அடித்தேன். ஆனால் வேகமாகப் போனது உண்மைதானே, மனசு உறுத்தியது. அதனால் 'ரெஸ்பெக்டட் சார்' என்று ஆரம்பித்து இரண்டு பக்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி, அபராதத்தையும் மணி ஆர்டராக வைத்துத் தபாலில் அனுப்பினேன். அபராதமும் கட்டியாகிவிட்டது, குற்றவாளியும் ஆகவில்லை என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். இரண்டு மாதத்தில் அபார்ட்மென்ட்டைக் காலி செய்துவிட்டுச் சொந்த வீட்டுக்கு வந்துவிட்டோம். டிக்கெட் விஷயமே மறந்துபோயிற்று.

இப்போது அந்த டிக்கெட் முடிந்துவிட்டது என்பதற்கு ஒரு காகிதம் வேண்டும். டிக்கெட் கொடுத்த அந்தச் சின்ன ஊர் இருக்கும் கவுன்ட்டியில், நம் மாவட்டம் மாதிரி, மனிதர்களைவிட மாடுகள் அதிகம். ஆன்லைனில் தேடிப் பார்க்கும் வசதியெல்லாம் கிடையாது. மூன்று நாள் விடாமல் போன் செய்தபிறகு கோர்ட் கிளார்க் எடுத்தார். குரலை வைத்துப் பார்த்தால் வயதான அம்மா. என் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டுத் தட்டினார். அப்புறம் மெதுவாக, "ஹனி, உங்கள் பெயரில் ஒரு பெஞ்ச் வாரன்ட் இருக்கிறது" என்றார்.

விளக்கமும் சொன்னார். குற்றம் செய்யவில்லை என்று டிக் அடித்தால் வழக்கு விசாரணைக்குப் போய்விடுமாம். தேதி குறித்துக் கடிதம் போட்டிருக்கிறார்கள், மணி ஆர்டரையும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். எல்லாம் பழைய அபார்ட்மென்ட் விலாசத்துக்கு. நான் போகவில்லை. கோர்ட்டுக்கு வராதவரைப் பிடித்து வரச் சொல்லி ஜட்ஜ் உத்தரவு போட்டுவிட்டார். செவ்வாய் அல்லது வியாழன் நேரில் வாருங்கள், தானாக வருகிறவர்களை இங்கே பிடித்து வைப்பதில்லை, ஜட்ஜ் ரத்து செய்துவிடுவார் என்றார் அந்த அம்மா. எனக்கு நம்பிக்கை வரவில்லை. வரவழைத்துப் பிடிப்பதற்குத்தான் இப்படி இனிக்க இனிக்கப் பேசுகிறார் என்று தோன்றியது. ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

நான்கு நாள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. மகளைப் பள்ளியில் விடப் போகும்போது போலீஸ் கார் கண்ணில் பட்டால் காரை வேறு தெருவில் திருப்பிவிடுவேன். அவள் பார்க்க எனக்கு விலங்கு மாட்டினால் என்ன செய்வது? கைது என்று ஒரு வரி பதிவாகிவிட்டால் குடியுரிமை என்ன ஆகும்? ஊருக்கெல்லாம் யோசனை சொன்னவளுக்கு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. கடைசியில், இங்கே முப்பது வருடமாக இருக்கும் ஓர் அங்கிளிடம், தோழி ஒருத்திக்காகக் கேட்கிறேன் என்று பொய் சொல்லிக் கேட்டேன்.

"ஐயையோ, அந்தப் பக்கமே போக வேணாம்னு சொல்லுங்கம்மா. உள்ள நுழைஞ்சா நேரா ஜெயில்தான்" என்றார் அவர். இருந்த கொஞ்ச நஞ்சத் தெம்பும் போயிற்று.

ஐந்தாம் நாள் சமையலறையில் கணவரிடம் பிடிபட்டேன். என்ன ஆச்சு என்று கேட்டதுதான் தாமதம், அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "இதுக்கா நாலு நாளா சாப்பிடாம சுத்திட்டு இருக்க? வியாழக்கிழமை லீவ் போட்டுடறேன். நான் டிரைவ் பண்றேன், போயிட்டு வந்துடலாம்" என்றார். பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று தெரியாத மனுஷன்தான். அன்றைக்கு எனக்கு அவர் பேச்சு பெரிய பலமாக இருந்தது.

இருந்தாலும் ஏற்பாட்டில் நான் குறை வைக்கவில்லை. முதல் நாளே சாம்பார் வைத்து, புளிக்காய்ச்சல் கிளறி, மூன்று நாளுக்குத் தோசை மாவு அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். தைராய்டு மாத்திரையைப் பையில் போட்டேன். ஜெயிலில் நகையைக் கழற்றச் சொல்வார்கள் என்று எங்கேயோ படித்த ஞாபகம். வளையல், தோடு எல்லாவற்றையும் கழற்றிப் பீரோவில் வைத்தேன். தாலிச் சரடில் கை வைத்தேன், மனசு வரவில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கணவர், "நீ கோர்ட்டுக்குப் போறியா, ஆபரேஷனுக்குப் போறியா?" என்றார். மகள் என் வெறுங்கையைப் பார்த்து, "அம்மா, வேர் ஆர் யுவர் பேங்கிள்ஸ்?" என்று கேட்டாள். கழுவி வைத்திருக்கிறேன் என்றேன். சாயங்காலம் நான் வராவிட்டால் அவளிடம் என்ன சொல்வது என்று நாங்கள் பேசிவைத்துக்கொள்ளவே இல்லை.

இரண்டு மணி நேரப் பயணம். செங்கல் கட்டடம் ஒன்று, ஒரே நடைபாதை. இடது பக்கம் ஷெரீஃப் ஆபீஸ், வலது பக்கம் கோர்ட். வாசலில் தொப்பி போட்ட ஒரு போலீஸ்காரர் எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, குட் மார்னிங் மேம் என்றார். நான் பயத்தில் பதிலுக்கு, "என் பெயரில் வாரன்ட் இருக்கிறது" என்று உளறிவிட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, அதெல்லாம் அந்த அம்மாவிடம் என்று வலது பக்கம் கையைக் காட்டினார். பின்னால் வந்த கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

கிளார்க் அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். கேட்டியிலிருந்து வருபவர் நீங்கள்தானே என்று கேட்டு, என்னை நேராக ஜட்ஜிடம் கூட்டிக்கொண்டு போனார். ஜட்ஜ் கட்டம் போட்ட சட்டையில் ஒரு பெண்மணி. ஃபைலில் இருந்த என் கடிதத்தை எடுத்து நிதானமாகப் படித்தார். "அந்த 'ரெஸ்பெக்டட் சார்' நான்தான்" என்றார். பிறகு, "வேகமாகப் போனேன் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பிடித்த ஆபீசருக்கு நன்றிகூடச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் டிக் மார்க் நீங்கள் அதைச் செய்யவே இல்லை என்கிறது. நான் எதை நம்புவது?" என்று கேட்டார்.

கடிதத்தை நம்புங்கள் என்றேன். அவர் சிரித்தார், கிளார்க் அம்மா சிரித்தார், என் கணவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் நிற்கவில்லை. படிவத்தில் எனக்குப் புரியாமல் விட்டேனே, மூன்றாவது கட்டம், அதன் அர்த்தத்தை ஜட்ஜ் விளக்கினார். குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, எதிர்த்து வாதாடவும் இல்லை, அபராதத்தைக் கட்டி முடித்துக்கொள்கிறேன் என்று அர்த்தமாம். அதில் டிக் அடித்து, அபராதத்தையும் கட்டினேன். வாரன்ட்டை ரத்து செய்து கையெழுத்துப் போட்டார். மொத்தம் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கிளார்க் அம்மா விடவில்லை. காகிதத்தில் ரத்தானால் போதாது, ஷெரீஃப் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்தும் எடுக்க வேண்டும், அதுவரை வழியில் யாராவது உங்கள் லைசென்ஸைப் பார்த்தால் வாரன்ட் என்றுதான் காட்டும், உட்காருங்கள் என்றார். கோர்ட்டைச் சாப்பாட்டுக்கு மூடும் நேரம். கதவில் 'மூடியிருக்கிறது' பலகையை மாட்டிவிட்டு, தன் சாப்பாட்டைத் தொடாமல், அந்த ஆபீசுக்குப் போய் நின்றார். முக்கால் மணி நேரம் கழித்து முத்திரை குத்திய இரண்டு காகிதங்களோடு வந்து, காரிலேயே வைத்திருங்கள் என்று என் கையில் கொடுத்தார்.

அன்று போனைப் பட்டென்று வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள் ஹனி என்றார். பயந்துகொண்டு வருடக்கணக்கில் வராமலே இருப்பவர்கள் இந்த ஊரிலேயே நிறையப் பேராம்.

வரும் வழியில் சிக்னலில் ஒரு போலீஸ் கார் எங்கள் பக்கத்திலேயே வந்து நின்றது. நான் திரும்பி உள்ளே இருந்த போலீஸ்காரரை நன்றாகப் பார்த்தேன். அதற்கப்புறம் வீடு வரைக்கும் காரில் நிம்மதியாகத் தூங்கினேன். ஒன்பது நாள் தூக்கம்.

அன்று சாயங்காலம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டு, "நெக்ஸ்ட் டைம் டெல் மீ, ஓகே?" என்றாள்.

குடியுரிமை கிடைத்துவிட்டது. இன்றைக்கும் சந்தேகம் கேட்டு எனக்குப் போன் வருகிறது. எனக்குத் தெரியாது, அந்த ஆபீசுக்கே போன் பண்ணிக் கேளுங்கள் என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறேன். விடைபெறும்போது அந்த அம்மா சொன்னது மட்டும் மனதைவிட்டுப் போவதில்லை. நான் போன் செய்த அன்றே என் ஃபைலை எடுத்துத் தன் மேசைமேல் வைத்துக்கொண்டாராம், எந்த நாளில் வந்தாலும் என்னைக் காக்கவைக்கக் கூடாது என்று. அவருக்குப் பயந்து நான் ஒளிந்திருந்த அந்த ஒன்பது நாளும் அவர் எனக்காகக் காத்திருந்திருக்கிறார் என்பதை நினைத்தால், இப்போதும் வெட்கமாகவும் இருக்கிறது, மனசு நிறைந்தும் போகிறது.