லோகாவின் சிவப்புக் காந்தாரம்

மூன்று வாரமாக என் மச்சினிச்சி என்னோடு பேசவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பேசிவிட்டாள். அப்பாடா!

இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். என்ன, இந்த மனுஷன் மூன்று வாரமாகக் கண்டி மழையையும் கண்டி டிராஃபிக்கையும் விட்டு வெளியே வரவே மாட்டேன் என்கிறாரே... உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வேறு எதையும் எழுத மனம் வரவில்லை. வீட்டில் நிலவரம் சரியில்லை. என் மனைவி மாலா சோறு போட்டாள். ஆனால் ‘சாப்பிடுங்க’ என்று சொல்லவில்லை. கல்யாணமானவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையா?

நடந்தது இதுதான்.

மாலாவின் தங்கை லோகேஸ்வரி. எங்களுக்கு லோகா. ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொள்கிறாள் — கொழுந்தெடுக்கப் போகும் அம்மாமார் காலையில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். பதினெட்டுக் குழந்தைகளையும் பாடியே தூங்கவைத்துவிடுவாள். வெள்ளிக்கிழமை கோயில் பஜனையிலும் முதல் குரல் அவளுடையதுதான். சங்கீத வகுப்புக்கெல்லாம் போனவள் இல்லை. இருபது வருஷமாகப் பாடுகிறாள், அவ்வளவுதான்.

இந்த வருஷத் திருவிழாவுக்குக் கோயில் தலைவர் முத்துலிங்கத்துக்கு ஒரு யோசனை தோன்றியது. “ஒவ்வொரு வருசமும் யாரோ பாடுனதத்தான் ஸ்பீக்கர்ல போடுறோம். இந்தத் தடவ நம்ம புள்ள பாடுனதப் போடுவோமே!” என்றார். தோட்டத்துக்காரர்களே அம்மன்மேல் கட்டிய பாட்டு ஒன்று இருக்கிறது. மோகன ராகம். ஐந்தே சுரம், கேட்டால் இனிக்கும். கொடியேற்றத்தன்று காலையில் அது மலை முழுக்கக் கேட்க வேண்டும். யார் பதிவு செய்வது? வேறு யார்... அம்பிட்டியாவில் வீட்டில் சும்மா இருக்கிற அத்தான் நான்தான்!

என் கீபோர்டுப் பைத்தியம் உங்களுக்குப் பழைய கதை. பின்னறையில் ஒரு லெப்டொப், ஒரு மைக், சுவரெல்லாம் பழைய கம்பளி. அதற்கு ‘ஸ்டூடியோ’ என்று பெயர் வைத்தவன் நான்தான். வேறு யாரும் அப்படிச் சொல்வதில்லை.

ஒரு சனிக்கிழமை லோகா பஸ் ஏறி வந்தாள். முதலில் குரல், பிறகு வாத்தியம் — அதுதான் என் முறை. அவள் லேசாக முனகிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தாள். கீபோர்டைத் தட்டிப் பார்த்தேன். அவளுடைய ‘ஸ’, அதாவது சட்ஜம், கிட்டத்தட்ட ஜி கட்டை. நல்லது, ஐந்து கட்டை என்று எழுதிக்கொண்டேன். அந்தக் ‘கிட்டத்தட்ட’வைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் சொப்ட்வெயரில் ஒரு வசதி உண்டு. பாடுகிற ஒவ்வொரு சுரத்தையும் திரையில் கோடாகக் காட்டும். சரியாக விழுந்தால் பச்சை. விலகினால் சிவப்பு. லோகாவின் பாட்டைப் போட்டேன். மேலிருந்து கீழ் வரைக்கும் சிவப்பு!

“லோகா... சுருதி கொஞ்சம் வெலகுது” என்றேன்.

“எங்க அத்தான்?”

ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினேன். காட்டியிருக்கவே கூடாது.

“எல்லா எடத்துலயும்.”

திரும்பப் பாடினாள். சிவப்பு. இன்னொரு தடவை. சிவப்பு. நாலாவது தடவை குரலே உள்ளே போய்விட்டது. நானும் பெரிய மனசு பண்ணி, “பரவாயில்ல, கம்ப்யூட்டர்ல சரிபண்ணிடலாம்” என்று ஒரு பட்டனை அழுத்தினேன். ஒரே நொடியில் எல்லாம் பச்சை. பெருமையோடு ஹெட்போனை அவள் காதில் வைத்தேன்.

அரை நிமிஷம் கேட்டாள். கழற்றி மேசையில் வைத்தாள்.

“என் கொரல இஸ்திரி போட்டு வச்சிருக்கீங்க அத்தான்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“இருவது வருசமா தப்பாத்தான் பாடியிருக்கேனா? ஒருத்தர்கூடச் சொல்லலியே...”

மாலா கொண்டுவந்த தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை பஜனைக்கு அவள் போகவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. மடுவத்தில் குழந்தைகளுக்கு போனில் ஏதோ பாட்டைப் போட்டுத்தான் தூங்கவைக்கிறாளாம். ஒரு பட்டனை அழுத்தி ஒரு மனுஷியின் வாயை மூடிவிட்டேனே!

மாலா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அடுப்பிடம் சொன்னாள். “கம்ப்யூட்டர் சொல்லிச்சாம், இவரு நம்பினாராம்! காதுன்னு ரெண்டு இருக்கே, அதுக்கு என்னா கேடு?”

நியாயமான கேள்வி. ஸ்கிரீனை அணைத்துவிட்டு அவள் குரலை மட்டும் கேட்டால் அருமையாக இருந்தது. என் கீபோர்டைச் சேர்த்தால் புளித்தது. இரண்டில் ஒன்று தப்பு. கீபோர்டு தப்பு செய்யுமா? அது எவ்வளவு நல்ல கீபோர்டு! ஆகவே லோகாதான் தப்பு என்று முடிவு கட்டியவன் நான். எந்தக் கோர்ட்டிலும் இவ்வளவு சீக்கிரம் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள்.

முத்துலிங்கம் போன் கோல் எடுத்தார். “ஐயா, புள்ள பாடமாட்டேங்குதே, என்னா பண்ணினீங்க? ஞாயித்துக்கெழம கொடியேத்தம். இல்லாட்டி பழைய பென்டிரைவத்தான் போடணும்.”

வெள்ளிக்கிழமை பின்னேரம் மாலாவையும் கூட்டிக்கொண்டு, லெப்டொப்பையும் தூக்கிக்கொண்டு, தலாத்துஓயா வழியாகப் பஸ்ஸில் போனேன். எதற்கு லெப்டொப்? இன்னும் நன்றாகச் ‘சரிபண்ணின’ பாட்டை லோகாவுக்குப் போட்டுக்காட்டிச் சமாதானம் செய்வதற்கு! சிரிக்காதீர்கள். அப்போது அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது.

கோயிலில் பூசைக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. லோகா வந்திருந்தாள். ஆனால் கடைசி வரிசையில், வாயை இறுக்கி மூடிக்கொண்டு. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வெளிமண்டபத்துத் திண்ணையில் உட்கார்ந்து லெப்டொப்பைத் திறந்தேன். அதன் மைக் திறந்தபடியே இருந்தது போலிருக்கிறது. பூசாரி மணியை அடித்தார். ஸ்கிரீனில் ஒரு கோடு ஓடியது.

சிவப்பு.

ஜி-க்கும் அதற்கடுத்த கறுப்புக் கட்டைக்கும் நடுவே, இரண்டும்கெட்டான் இடத்தில் நின்றது கோடு. சரிதான், இந்த ஊரில் மணிக்கும் சுருதி இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்போது முன்வரிசையில் ஒரு அம்மா, “மணியில எடுங்க” என்றாள். மணியின் ரீங்காரம் அடங்குவதற்குள் ஏழு பெண்கள் அதோடு சேர்ந்து முனகினார்கள். ஸ்கிரீனில் ஏழு பேரும் ஒரே கோடு. அதே இடம். அதே சிவப்பு.

ஏழு பேர் சேர்ந்து ஒரே அளவில் தப்பு செய்வார்களா?

“மாலா... மணியில எடுக்கிறதுன்னா என்ன?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “இங்க சுருதிப்பெட்டி இருந்ததே இல்லியே. எப்பவும் மணியிலதான் எடுப்பாங்க. கல்யாணமாகி இருவத்துநாலு வருசம், இது தெரியாதா? எப்படித் தெரியும்... நீங்க பொங்கல் குடுக்கிற நேரத்துக்குத்தானே வருவீங்க!”

இருபது வருஷமாக ஒரே மணி. அந்தச் சத்தம் லோகாவின் மண்டைக்குள்ளேயே தங்கிவிட்டது. அம்பிட்டியாவில் கண்ணை மூடி அவள் முனகியது அந்த மணியைத்தான். நான் அதை ‘கிட்டத்தட்ட ஜி’ என்று எழுதிக்கொண்டேன்.

சொப்ட்வெயரில் ஒரு மூலையில் 440 என்று ஒரு எண் இருக்கும். எல்லாச் சுரத்துக்கும் அதுதான் அளவு. அதை மாற்றலாம் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. அங்கேயே, அந்தத் திண்ணையிலேயே, ஒவ்வொன்றாகக் கூட்டினேன். 449-க்கு வந்தபோது மணி பச்சையாகிவிட்டது. லோகாவின் பழைய பதிவைத் திறந்தேன். இஸ்திரி போடாததை. திரை முழுக்கப் பச்சை!

முழுக்க என்று சொல்ல முடியாது. ஐந்து சுரத்தில் காந்தாரமும் தைவதமும் மட்டும் இன்னும் சிவப்பு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கீழே, ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு. இவ்வளவு ஒழுங்காக ஒருத்தி தப்புவாளா? இந்த முறை தீர்ப்புச் சொல்ல நான் அவசரப்படவில்லை. பட்ட பாடு போதாதா?

சனிக்கிழமை காலையில் வீட்டில் உட்கார்ந்து, அந்த சொப்ட்வெயரில் நான் ஒருநாளும் திறக்காத மெனுக்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்றில் ‘டியூனிங்’ என்று இருந்தது. உள்ளே நீளமான ஒரு பட்டியல். விதவிதமாகச் சுருதி கூட்டும் முறைகள்! நான் இத்தனை வருஷமும் முதலாவதிலேயே குடியிருந்திருக்கிறேன்.

விஷயம் எளிது. ஒரு பாண் ரொட்டியைப் பன்னிரண்டு சம துண்டாக வெட்டுகிற மாதிரி சுரங்களை வெட்டி வைத்திருக்கிறது கீபோர்டு. எந்தக் கட்டையிலிருந்து தொடங்கினாலும் ஒரே மாதிரி வாசிக்கலாம். சௌகரியம்தான். ஆனால் அதற்காக ஒவ்வொரு சுரமும் தன் இடத்தை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரே சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு பாடுகிற தொண்டைக்கு அந்தச் சௌகரியம் எதற்கு? அது சட்ஜத்தோடு ஒட்டுகிற இடத்துக்குத் தானாகவே போய்விடும். காந்தாரத்துக்கு அந்த இடம் கீபோர்டில் இருப்பதைவிடக் கொஞ்சம் கீழே. தைவதத்துக்கும் அப்படித்தான். அது யாரும் சொல்லிக்கொடுக்காமலே லோகாவின் காதுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் மெனு தேவைப்பட்டது.

இயற்கைச் சுருதி என்கிற முறையைத் தேர்ந்து, ஜி-யைச் சட்ஜமாக வைத்தேன். கடைசிச் சிவப்பும் போய்விட்டது. லெப்டொப்புக்குள் இருக்கிற தம்பூராவுக்கும் புல்லாங்குழலுக்கும் அதே முறையைக் கொடுத்தேன்; மறுபேச்சில்லாமல் மாறிக்கொண்டன. ஹார்மோனியம் மட்டும் அடம்பிடித்தது. பழைய வெர்ஷன், யார் சொல்லியும் கேட்காத ஜென்மம். போ என்று தூக்கிவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டேன். புளிப்பே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

லோகா என் போனை எடுக்கவில்லை. மாலா தன் போனில் அழைத்துப் பேசினாள் — இல்லை, பேசவில்லை. போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துவிட்டாள். பாட்டு முடிந்தது. அந்தப் பக்கமிருந்து மெதுவாக, “அக்கா... இது நானா?”

“நீதான்டி. இஸ்திரி போடாத நீ.”

நான் போனை வாங்கி, “லோகா, தப்பு என்னோடது. உன் சுருதியில ஒரு கொறையும் இல்ல” என்றேன். அவள் போனை வைத்துவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. தேயிலை மலைகளுக்குமேல் லோகாவின் குரல் போய்க்கொண்டிருந்தது. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டு வாசல்களில் ஆட்கள் நின்று கேட்டார்கள். பாட்டின் நடுவில், யாரையும் கேட்காமல், பூசாரி மணியை அடிக்க ஆரம்பித்துவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மணி பாட்டோடு அப்படியே ஒட்டிக்கொண்டது! மணி எது, தம்பூரா எது என்று பிரிக்க முடியவில்லை. பழைய 440-இல் விட்டிருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது. அம்மன் சந்நிதியிலேயே மானம் போயிருக்கும்.

கண்ணைத் திறந்தால் எதிரே லோகா. கையில் வாழையிலைத் துண்டு.

“மணி சேர்ந்துக்கிச்சு அத்தான்” என்றாள். பிறகு, “பொங்கல் இருக்கு. சாப்பிடுங்க.”

மூன்று வாரம் கழித்து எனக்குக் கிடைத்த முதல் ‘சாப்பிடுங்க’. இலையைக் கொடுத்துவிட்டு அவள் நேரே முன்வரிசைக்குப் போனாள். ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்த தன் குரலோடு தானே சேர்ந்து பாடினாள். திங்கட்கிழமை மடுவத்தில் போனுக்கு வேலை இல்லையாம். பதினெட்டும் பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டதாம். மாலா சொன்னாள். இந்தத் தடவை அடுப்பிடம் அல்ல, என்னிடம்.

யோசித்துப் பார்க்கிறேன். சிவப்பு என்றதும் நாம் எவ்வளவு சீக்கிரம் ஆளைச் சந்தேகிக்கிறோம்! பிள்ளையின் ரிப்போர்ட்டில் சிவப்பு மை, போனின் ஆரோக்கியக் கணக்கில் சிவப்பு வட்டம்... யார் வைத்த அளவு இது, யாருக்காக வைத்தது என்று ஒரு தடவையாவது கேட்கிறோமா? நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூன்று வாரம் சோறு ருசியாக இருந்திருக்கும்.

இன்னொன்று. ஆசை யாரை விட்டது? நேற்று நானும் அந்தப் பாட்டைப் பாடி, பட்டியலில் இருந்த அத்தனை டியூனிங்கிலும் போட்டுப் பார்த்தேன்.

எல்லாவற்றிலும் சிவப்பு. அளவுகோலில் ஒரு பிழையும் இல்லை.