காற்றாடிக்குப் பக்கத்தில் வாடாத கொழுந்து

காற்றையும் தண்ணீரையும் கணினிக்குள் ஓடவிட்டுப் பார்க்கும் தொழிலில் என்னோடு மாரடிப்பவர்களுக்கு இது தெரிந்ததுதான்: காற்றுகூடச் சொன்னபடி கேட்கும், கணினி கேட்காது. இரண்டாயிரத்து இரண்டில் கம்பஸில் படிப்பு முடித்து மலையகத்து டிக்கோயாவுக்குத் திரும்பியதும் நான் பட்ட பாடு இது.

ஒரு காற்றாடி, ஆறு கணினி

என் தாய்மாமா நடேசன் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீளத் தொட்டி, அதில் கம்பி வலை, வலைமேல் கொழுந்து. ஒரு முனையில் இருக்கும் பெரிய காற்றாடி வலைக்கு அடியில் காற்றை ஊதும். ஆனால் காற்றாடிக்குப் பக்கத்துக் கொழுந்து மட்டும் தினமும் பச்சையாகவே கிடந்தது. காற்று புறப்படும் அங்கேயே வாடவில்லை என்றால் மாமா கிளறிவிடாமல் தூங்குகிறார் என்று ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் முடிவு கட்டிவிட்டார். மாதக் கடைசியில் மாமாவை மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட அனுப்பப் போவதாகப் பேச்சு. மாமா முழங்கால் வலிக்காரர்.

காற்று எப்படி ஓடுகிறது என்று ஆறு கணினியைச் சேர்த்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். டீமேக்கர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு காத்தாடிக்கு ஆறு கம்ப்யூட்டரா? அதுங்களும் ஒங்க மாமா மாதிரி, ஒன்னு வேல செஞ்சா அஞ்சு தூங்குமோ?"

ஆறாவது மெஷின்

ஹட்டனில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திய யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் ஆறு மெஷினையும் கொடுத்தார். கணக்கில் தொட்டியை ஆறு துண்டாக்கி, துண்டுக்கு ஒரு மெஷின். எல்லாம் முடித்தால்தான் அடுத்த கட்டம். ஐந்து மெஷின் சட்டென்று முடித்துவிட்டு ஆறாவதின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். எரிச்சலில் அதைக் கண்டபடி திட்டினேன். மாஸ்டருக்கு மனம் பொறுக்கவில்லை. "அதை ஏசாதையும் தம்பி. மற்ற அஞ்சையும் கொஞ்சம் ஆறுதலா, மெள்ளப் போகச் சொல்லும்."

யாருடைய செடி?

முதல் கலர்ப் படம் வந்தது. ஒரு இடத்தில் இல்லை, ஐந்து இடத்தில் காற்று செத்துக் கிடந்தது! மாமாவைக் காப்பாற்றப் போய் ஐந்து இடத்தில் மாட்டிவிட்டேன். லயத்து வீட்டில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, கொழுந்து பறித்துவிட்டு வந்த அத்தை, மாமாவின் மனைவி, படத்தை வாங்கிப் பார்த்து, ஆறு துண்டுக் கதையையும் கேட்டார். பிறகு அவர் கேட்ட கேள்வியில்தான் எனக்கு உறைத்தது: அந்த ஐந்து இடமும் துண்டுகள் சேரும் ஓரங்கள்; ஓரத்துக் காற்றைப் பக்கத்து மெஷினுக்குச் சொல்லும் வரியை நான் புரோகிராமில் எழுதவே இல்லை. "ஆளுக்கொரு செடி நெர புடிச்சு கொழுந்து எடுக்கிறோம். நடுவுல நிக்கிற செடிய ரெண்டு பேரும் எடுக்காம வந்துட்டா, கங்காணி யாரத் திட்டுவாருப்பா?"

மாமாவிடம் இல்லாதது

திருத்தி ஓட்டினேன். காற்றாடி அருகே காற்று மேலே ஏறவே இல்லை. வந்த வேகத்தில் வலைக்கு அடியிலேயே பறந்துபோய், தூரத்து முனையில் முட்டித்தான் எழும்பியது. படத்தைப் பார்த்த டீமேக்கர் அரை மனதோடு, காற்று மேலே திரும்பட்டும் என்று காற்றாடி முன்னால் ஒரு பலகையைச் சாய்த்து வைக்கச் சொன்னார். மறுநாள் காலை அந்தக் கொழுந்தும் வாடியிருந்தது. மாமா மாடியிலேயே இருக்கலாம் என்று டீமேக்கர் சொன்னார்.

"கம்ப்யூட்டர் இல்லாட்டி இது நமக்குத் தெரிஞ்சே இருக்காது நடேசன்" என்று டீமேக்கர் படத்தை நீட்டினார். மாமா தலையைச் சொறிந்தார். "கைய வச்சுப் பாத்துட்டு நாலு வருசமா ஒங்ககிட்ட இதத்தானுங்க ஐயா சொல்றேன். என்கிட்ட படந்தான் இல்ல."

ஆறு மெஷினை மூன்று ஞாயிறு ஓடவிட்டு, மாமா சொன்னதையே கலரில் திருப்பிச் சொல்வதற்கு எங்கள் தொழிலில் ஆராய்ச்சி என்று பெயர்.