முட்டைப் பற்று

எங்கள் வீட்டுப் பூஜை மாடத்தில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில், ஒரு பழைய துணி உறை இருக்கிறது. முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, வேட்டிக் கிழிசலால் சுற்றியது. உள்ளே இரண்டு விரல் நுழையும் குழலாகக் காய்ந்து இறுகியிருக்கிறது. முட்டை பட்டதைச் சாமிக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று போன வாரம் மருமகள் கேட்டாள். இதே கேள்வியை யுத்த காலத்தில் ஒரு கார்த்திகையன்று வேறொருவர் கேட்டார். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

வெண்ணந்தூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கரட்டின் உச்சியில் முருகனுக்குத் தீபம் ஏற்றுவது என் அக்கா வீட்டுக்காரரின் குடும்பத்துப் பாத்தியதை. அவரை நான் மாமா என்பேன். முக்கால் கரடு வரை யாரும் ஏறிவிடலாம். அதற்கு மேலே மூன்று ஆள் உயரத்துக்கு மொட்டைப் பாறை, நடுவில் ஒரே ஒரு வெடிப்பு. அதில் விரல் நுனிகளை நுழைத்து, உடம்புப் பாரம் முழுவதையும் விரல்களில் தொங்கவிட்டு, முதுகில் எண்ணெய்க் குடுவையோடு மாமா ஏறுவார். ஒரு வருஷம் அப்படி ஏறும்போது வலது மோதிர விரலில் சுள்ளி முறிவதுபோல் ஒரு சத்தம். கீழே நின்ற எனக்கே கேட்டது.

வீக்கம் வடிந்தது, வலி மட்டும் போகவில்லை. விடிந்து எழுந்தால் விரல் மடங்காது, மடங்கினால் நிமிராது. பால் கறக்க உட்கார்ந்தால் பல்லைக் கடித்துக்கொள்வார். நொச்சி ஒத்தடம், வேப்பெண்ணெய், எதற்கும் கேட்கவில்லை. "ஒம்பது விரலு எனக்கு வேலை செய்யுது மாப்ள, இந்த ஒண்ணுக்கு நான் வேலை செய்யறேன்" என்று சிரிப்பார். ஊரில் யாரும் விசாரிக்க வரவில்லை. கால் ஒடிந்தால் பழம் வாங்கிக்கொண்டு வருவார்கள். விரல் வலியை எவர் மதிக்கிறார்?

அடுத்த கார்த்திகைக்கு ஒரு மாதம் இருக்கையில் புதுச்சத்திரத்து எலும்பு வைத்தியரிடம் போனோம். அவர்தான் நடுவிரலோடு சேர்த்து இந்த முட்டைப் பற்றைப் போட்டுக் கட்டினார். "ரெண்டு மாசம் பாறையத் தொடாதீங்க. தொட்டே ஆகோணும்னா கட்டோட தொடுங்க. அவுத்துட்டு ஏறுனா அந்த விரலு உங்களுது இல்லீங்க." கட்டுப் போட்ட பிறகு மாமா நிம்மதியாகத் தூங்கினார் என்று அக்கா சொன்னாள். ஆனால் அந்த வெடிப்பு வேறு யாருக்கும் பழக்கமில்லை. அவர் ஏறாவிட்டால் கரடு இருட்டாகக் கிடக்கும். அதை அவரால் தாங்க முடியாது. கட்டோடு ஏறுவதென்று முடிவு செய்தார்.

கார்த்திகையன்று சாயங்காலம் அடிவாரத்தில் கோயில் தர்மகர்த்தா அவர் கையைப் பார்த்தார். "முட்டை பட்ட கையிலயா சாமி விளக்கைத் தொடப்போற? அவுத்துப் போட்டுட்டுக் கையைக் கழுவிட்டு வா."

அக்கா சொன்னாள்: "அப்ப நீங்களே ஏறிடுங்க. உங்க கையிலதான் முட்டை வாசம் இல்லீங்களே."

சிலர் சிரித்தார்கள். வைத்தியர் சொன்னதை மாமா பொறுமையாக எடுத்துச் சொன்னார். "விரல் பெருசா, சாமி பெருசா?" என்றார் தர்மகர்த்தா. மாமா என் பக்கம் கையை நீட்டி, "அவுத்துடு மாப்ள" என்றார். நான்தான் அவிழ்த்தேன். உறை முழுசாகக் கழன்று வந்தது, மடியில் செருகிக்கொண்டேன்.

தீபம் எரிந்தது. ஊரே அரோகரா போட்டது. மாமா இறங்கி வந்தபோது அந்த விரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தது. சாகும்வரை நிமிரவில்லை. அன்றைக்கு விபூதி வாங்க வலது கையை விரிக்க முடியாமல் இடது கையை நீட்டினார். "இடது கையிலயா வாங்கறது?" என்று அதற்கும் தர்மகர்த்தா ஒரு சொல்.

நான் மூன்றாம் வகுப்புத் தாண்டாதவன். சாஸ்திரம் தெரியாது. ஆனாலும் கேட்கிறேன்: கொடியிலே சேவலை வைத்துக்கொண்டிருக்கிற முருகனா முட்டைக்கு முகம் சுளிக்கப்போகிறான்? சுளித்தவர்கள் அந்தப் பாறையில் ஒரு முழம்கூட ஏறியதில்லை. முருகன் பேரைச் சொல்லி ஒரு சம்சாரியின் கையைப் பறித்தார்கள். இதை அன்றைக்கே அங்கேயே கேட்டிருக்க வேண்டும். எனக்கும் நாக்கு இருந்தது.

இப்போது பாறையில் படி வெட்டிக் கம்பி போட்டுவிட்டார்கள். குழந்தைகள்கூட ஓடி ஏறுகின்றன. மருமகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உறை அப்படியே நிமிர்ந்து நிற்கிறது. தினமும் அதற்குத் திருநீறு வைத்துவிட்டுத்தான் விளக்கைத் தொடுகிறேன், அவிழ்த்த அதே கையால்.