தீயணைப்புச் சனல் கேட்டு வந்தவர்கள்

ரேடியோ ஸ்கானர் விற்பவனுக்கு இரண்டு காது போதாது. பொறுமை அதைவிடப் போதாது. மேற்கு சிட்னியில், டூங்கபிக்குக் கிட்ட ஒரு எலெக்ட்ரோனிக்ஸ் கடையில் பதினொரு வருடமாக நிற்கிறேன். மற்றவர்கள் ரேடியோவில் பேசுவதைக் கேட்க மட்டும் உதவும் பெட்டிதான் ஸ்கானர்; அவர்கள் பேசுகிற அலைவரிசையைத்தான் சனல் என்கிறோம். வெயில் காலத்தில் மலைப்பக்கம் கொஞ்சம் புகை தெரிந்தால் போதும், “எங்கட ஏரியா தீயணைப்புச் சனலைப் பிடிச்சுத் தாங்கோ” என்று வந்துவிடுவார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்த உங்களுக்கு இந்த முகங்கள் புதிதாக இராது.

மலிவாக வாங்கியவர்

கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை. யாரோ கழித்துவிட்ட ஸ்கானரை இணையத்தில் வாங்கி, என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். “மூணு நாளா தேடுறேன் சார், ஒரு சத்தமும் வரல.”

இங்கே தீயணைப்புப் படை டிஜிட்டலுக்கு மாறி வெகுகாலம். அவருடையது பழைய அனலாக் பெட்டி. தீயணைப்பு வண்டி பக்கத்தில் நின்று பேசினாலும் அதில் இரைச்சல்தான் வரும். இதை நான் சொல்ல, அவர் எனக்கே பாடம் எடுத்தார்: ஏரியல் சின்னது, பட்டரி சரியில்லை, உங்கள் கடைக் கூரை தகரம். அரை மணி நேரம் போனது. கடைசியில் பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டார்: “சரி, ஃபயர் வேண்டாம். கிரிக்கெட் கமெண்டரியாவது வருமா?”

முதல் ஆள்

வீடு திருத்தும் தொழில் செய்கிற எங்கள் ஊர்க்காரர் ஒருவர், நல்ல டிஜிட்டல் ஸ்கானரைப் பேரம் பேசாமல் எடுத்தார். அவருடைய பகுதிச் சனலைப் பிடித்துச் சரிபார்த்தேன். உடனே ஒரு குரல் வந்தது: குசினியில் சமைக்கும்போது நெருப்பு, ஒரு பெண்ணுக்குக் கை எரிந்துவிட்டது, அம்புலன்ஸ் தேவை. அந்தக் குரல் சொன்ன தெருப் பெயரை அவர் தன் தொலைபேசியில் குறித்துக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி செய்யிறீர்?”

“முதல் ஆளாப் போனால் இன்ஷூரன்ஸ் காசில வீடு திருத்துற வேலை எனக்குத்தான் அங்கிள்.”

“உள்ளுக்கு ஆக்கள் நிக்கேக்கையோ?”

அவருக்கு முகம் வாடிவிட்டது. “சீச்சீ, நெருப்பு அணையிற வரைக்கும் வெளியிலதான் நிப்பன். நானும் மனுசன்தானே அங்கிள்.”

சத்தமில்லாத சனல்

என்னிடம் ஸ்கானர் வாங்கிய ரவியின் வீடு காட்டோரம். அவருக்குச் சனல் பிடித்துக் கொடுத்ததும் நான்தான். ஒரு நாள் அனல் காற்று வீசியது. வெளியேறச் சொல்லி அந்தப் பகுதித் தொலைபேசிகளுக்கெல்லாம் செய்தி வந்தது. கொஞ்ச நேரத்தில் ரவியின் மனைவி சுகந்தி கடைக்கு அழைத்தார். “அண்ணா, நீங்களாவது சொல்லுங்கோ. பிள்ளையளைக் காரில ஏத்திப்போட்டன். இந்த மனுசன் பெட்டிக்கு முன்னால இருந்து எழும்புறாரில்லை.”

ரவி தொலைபேசியை வாங்கினார். “சனலில ஒரு சத்தமும் இல்லை அண்ணை. நெருப்பு இங்கால வரேல்ல.”

நெருப்பு எரியும் இடத்துக்குப் போன வீரர்கள் தங்களுக்குள் வேறு சனலில் கதைப்பார்கள். அதை நான் ரவிக்குச் சொல்லவில்லை. கடையில் கூட்டம் என்று அன்று அவசரமாக அனுப்பிவிட்டேன்.

“ரவி, அது பிழை. அவை இப்ப வேற சனலில கதைப்பினம். உடன வெளிக்கிடும்!”

“நீங்கள்தானே பிடிச்சுத் தந்தனீங்கள்?” என்றார். அவர்கள் வீட்டு வாசலில் சுகந்தி கார் ஹோர்னை விடாமல் அமத்துவது தொலைபேசியில் கேட்டது. கடைசியில் அந்தச் சத்தம்தான் அவரை எழுப்பியது.

வீடு தப்பியது, பின்வேலியும் கொட்டிலும் எரிந்துபோயின. அடுத்த கிழமை சுகந்தி ஸ்கானரைக் கொண்டுவந்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கவே கையைக் காட்டி நிறுத்தினார். “அதெல்லாம் வேண்டாம் அண்ணா, இதை எடுங்கோ. இனி அந்தாள் நான் சொல்லுறதைக் கேட்டால் போதும்.”

தீயணைப்புச் சனலைப் பத்து நிமிடத்தில் பிடித்துத் தந்துவிடுவேன், ஆனால் கேட்க வருகிறவர்களும் விற்கிற நானும் எந்தச் சனலில் இருக்கிறோம் என்றுதான் இன்றுவரை பிடிபடவில்லை.